ஞானராஜ் அண்ணாச்சியின் பணிச்சான்று

1

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மின்னஞ்சல், 'மதிப்புக்குரிய வேலுச்சாமி அவர்களுக்கு' என்று தொடங்கியது. வேலுச்சாமி என் அப்பா. சுருளிப்பட்டியில் திராட்சை போட்டிருந்தவர். அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து இந்த ஊரில் வங்கி, மின்சார அலுவலகம், பல் மருத்துவர் எல்லோருக்கும் நான் வேலுச்சாமிதான். என் பெயர் தமிழ்ச்செல்வி. அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் கால்வே என்ற ஊருக்கு வந்து பதினோரு வருடம் முடிந்துவிட்டது.

மின்னஞ்சல் நல்ல செய்தியோடுதான் ஆரம்பித்தது. முதுகலைப் படிப்புக்கு நான் போட்ட விண்ணப்பம் முதல் சுற்றைத் தாண்டியிருந்தது. இரண்டு காகிதங்கள் மட்டும் குறைவதாக எழுதியிருந்தார்கள். ஒன்று, பட்டச் சான்றிதழில் இருக்கும் 'வே. தமிழ்ச்செல்வி'யும் பாஸ்போர்ட்டில் இருக்கும் 'தமிழ்ச்செல்வி வேலுச்சாமி'யும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஆதாரம். மற்றது, இந்தியாவில் ஒரு மருந்துக்கடையில் நான்கு வருடம் வேலை பார்த்ததாக எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு அந்தக் கடை முதலாளியின் கடிதம். கடைப்பெயர் அச்சடித்த தாளில், முதலாளி கையெழுத்தோடு, அவருடைய மின்னஞ்சலிலிருந்தே நேரடியாக வரவேண்டும். மூன்று வாரம் அவகாசம்.

முதல் வேலை ஒரே நாளில் முடிந்தது. ஒரு வழக்கறிஞர் முன்னால் உறுதிமொழி கொடுத்தேன். நரைத்த தலைக்காரர். "இதில் உங்களுடைய உண்மையான பெயர் எது?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முத்திரை குத்தினார்.

இரண்டாவதை நினைத்தால்தான் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கம்பத்தில் ஞானராஜ் அண்ணாச்சி கடையில் நான் வேலை பார்த்தது உண்மை. அவர் இன்னும் அதே இடத்தில் கடை நடத்துகிறார் என்பதும் தெரியும். ஆனால் விண்ணப்பத்தோடு நான் அனுப்பியிருந்த இரண்டு பக்கக் கட்டுரை, அவர் கடையில் நடந்த ஒரு விஷயத்தைப் பற்றியது. அதில் அவர் பெயரை எழுதவில்லை. கடையின் பெயரையும் எழுதவில்லை. பணிச்சான்று வந்தால், நான் எழுதாமல் விட்ட இரண்டும் அதன் தலைப்பிலேயே இருக்கும்.

2

நாற்பதைத் தாண்டியபிறகு என்ன படிப்பு என்று ஊரில் கேட்பவர்களுக்காக அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் மதுரையில் பி.பார்ம் படித்தவள். கணவர் சரவணன் போடிக்காரர், நர்ஸ். அவருக்கு இங்கே மருத்துவமனையில் வேலை கிடைத்ததால் வந்தோம். மகள் மதுமிதாவுக்கு அப்போது ஐந்து வயது. நம் ஊர்ப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே மருந்தாளராக முடியாது. அதற்குத் தனியாகத் தேர்வு, பயிற்சி என்று நீண்ட வழி இருக்கிறது. சிறு குழந்தையை வைத்துக்கொண்டு என்னால் அதில் இறங்க முடியவில்லை. ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். இதயத்துக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்களைச் செய்கிறார்கள். அவற்றை உறையில் போட்டு ஒட்டும் வரிசையில் ஆரம்பித்தேன். இப்போது லேபிள் சரிபார்க்கும் மேசையில் இருக்கிறேன்.

சேர்ந்த புதிதில் எல்லாரும் என்னை மலையாளி என்று நினைத்தார்கள். அங்கே வேலை பார்த்த மலையாளிகளும் அப்படியே நினைத்தார்கள். கேரள எல்லையில், கம்பம் பக்கம் வளர்ந்தவளுக்கு அந்த அளவு மலையாளம் வராதா என்ன. மூன்று வருடம் அவர்கள் ஓண விருந்துக்குப் போனபிறகுதான் நான் தமிழ் என்று தெரிந்து, கோட்டயத்து அக்கா ஒருவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆங்கிலம்தான் காலை வாரியது. அப்பாவின் காரியத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய அன்று, பக்கத்து மேசை மோரா எங்கே போயிருந்தாய் என்று கேட்டாள். அப்பா எக்ஸ்பயர் ஆகிவிட்டார் என்றேன். நம் ஊரில் எல்லாரும் சொல்வதுதானே. அந்த நேரம் அவள் கையில் காலாவதித் தேதி அச்சடித்த உறை ஒன்று இருந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புரிந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். இங்கே அந்தச் சொல்லை மனிதர்களுக்குச் சொல்வதில்லை என்று ஒரு வாரம் கழித்து மெதுவாகச் சொன்னாள்.

அந்த மேசையில் உட்கார்ந்துதான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். ஒரு குழாய் தொழிற்சாலையை விட்டு வெளியே போவதற்கு முன்னால் அது பாதுகாப்பானது என்பதற்கான ஆதாரம் கட்டுக்கட்டாகச் சேர்கிறது. யார் சோதித்தார், எதை வைத்துச் சோதித்தார், பிரச்சினை வந்தால் யாருக்கு எத்தனை நாளில் சொல்லவேண்டும். அந்த ஆதாரங்களைக் கேட்பது, எடைபோடுவது, அவற்றை வைத்து விதி எழுதுவது, இதெல்லாம் சேர்ந்து ஒரு தனிப் படிப்பு என்பது எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. ரெகுலேட்டரி சயின்ஸ் என்கிறார்கள். தமிழில் ஒழுங்குமுறை அறிவியல் எனலாம். மருந்து, மருத்துவக் கருவி, உணவு, மூன்றுக்கும் இது உண்டு.

தேடிப் பார்த்தால் வழிகள் நிறைய இருந்தன. முழுநேரமாக ஒரே வருடத்தில் முடிக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே, வாரம் ஒரு நாள் வகுப்புக்குப் போய், இரண்டு வருடத்தில் முடிக்கலாம். பயமாக இருந்தால் சில மாதச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றில் காலை நனைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முதுகலைக்குப் போகலாம். வீட்டிலிருந்தே இணையத்தில் படிப்பவர்களும் உண்டு. நம் நாட்டிலேயே எம்.பார்மில் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அதனால் இதைப் படிக்க விமானம் ஏறித்தான் ஆகவேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். எந்த நாட்டுச் சட்டத்தை வைத்துச் சொல்லித்தருகிறார்கள் என்று மட்டும் சேருவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வேலை பார்க்கப்போகும் நாட்டுக்கு அது உதவவேண்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பு நடக்கும் இரண்டு வருடப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். அதில் மூன்று பிரிவுகள். எதை எடுப்பது என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு ஓடியது.

"கருவியவே எடு," என்றார் சரவணன். "நீ பத்து வருசமாப் பாக்குற வேல. கம்பெனியில வெள்ளிக்கிழம லீவும் குடுப்பாக."

சுருளிப்பட்டியிலிருந்து வீடியோவில் வந்த தம்பி பாண்டி உணவு என்றான். அப்பாவின் தோட்டம் இப்போது அவன் கையில்.

"அக்கா, மருந்தடிச்சு எத்தன நாளு கழிச்சுப் பழம் வெட்டணும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாய்ங்க. நீ படிச்சிட்டு வந்து ஒரே பேச்சாச் சொல்லு."

"ஏலே, அதுக்கு நான் அயர்லாந்துல படிக்கணுமா? மருந்து டப்பாவுலயே போட்டிருக்கும்லடா."

"டப்பாவுல பொடிப்பொடியாப் போட்டிருக்கு. லென்சு வச்சுத்தான் பாக்கணும்."

அதுவும் இந்தப் படிப்பைச் சேர்ந்த பிரச்சினைதான் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் விண்ணப்பத்தில் மருந்து என்றே குறித்தேன். ஏன் என்று இரண்டு பேரிடமும் அப்போது சொல்லவில்லை.

3

இந்தப் படிப்பில் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். நான் எழுதியதை ஆங்கிலம் திருத்துவதற்காக மதுவிடம் கொடுத்தேன். அவளுக்கு இப்போது பதினாறு. பள்ளியில் அவள் பெயர் மேடி. தமிழ் புரியும். பேசும்போது பாதி வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். சமீபகாலமாக நான் தமிழில் எதைக் கேட்டாலும் தோளைக் குலுக்குவதோடு சரி.

நின்றபடியே படித்தாள்.

"இது யார் வேணும்னாலும் எழுதலாம்மா. சின்ன வயசுலேர்ந்து சயின்ஸ் பிடிக்கும், அது இதுன்னு. உனக்கு நிஜமாவே எதுக்கு இந்தக் கோர்ஸ்?"

அவள் பள்ளிப் பேருந்துக்குப் போனபிறகு, விடுப்பு நாளானதால் சமையலறையிலேயே உட்கார்ந்து வேறொன்று எழுதினேன். வெளியே வழக்கம்போல மழை. எழுதிய விஷயம் இதுதான்.

அண்ணாச்சியின் கடை, கேரளாவுக்குப் போகும் ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு எதிரில். காலையில் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள், ஜீப்பில் ஏறுவதற்கு முன் காய்ச்சல் மாத்திரை, தைலம் என்று ஏதாவது வாங்கிக்கொள்வார்கள். கடையின் மருந்தாளர் நான். பதிவுச் சான்று என் பெயரில் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. அண்ணாச்சி நல்ல முதலாளி. டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்கமாத்திரை கேட்டு வருபவர்களை, தெரிந்தவர்களாக இருந்தாலும், திருப்பி அனுப்பிவிடுவார்.

விசாவுக்குக் காத்திருந்த மாதம் மதுவுக்கு இருமல் வந்தது. கடையிலிருந்து குழந்தைகளுக்கான இருமல் சிரப் ஒரு பாட்டில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். இரண்டு வேளை கொடுத்தாயிற்று. மூன்றாவது வேளைக்குக் குலுக்கியபோது பாட்டிலின் அடியில் மணல் மாதிரி ஏதோ கரையாமல் கிடந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். காலாவதித் தேதியின் மேல் சின்னதாக ஒரு ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினேன். அடியில் அச்சாகியிருந்த தேதி ஏழு மாதத்துக்கு முன்பே முடிந்திருந்தது.

மதுவை டாக்டரிடம் காட்டினேன். ஒன்றுமில்லை, கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். அவளை அம்மாவிடம் விட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். இருபத்து நான்கு பாட்டில் பெட்டி அது. பதினெட்டு மிச்சம் இருந்தது. எல்லாவற்றிலும் ஸ்டிக்கர்.

அண்ணாச்சி ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்தார். அவர் முகம் கறுத்துவிட்டது.

"சரக்கு போட்ட ஏஜென்டுக்குத் திருப்பி அனுப்பிருவோம்," என்றார்.

"டிரக் இன்ஸ்பெக்டருக்குச் சொல்லணும் அண்ணாச்சி," என்றேன். மருந்துக்கடைகளைச் சோதிக்கும் ஆய்வாளரின் அலுவலகம் தேனியில் இருந்தது.

"சொன்னா மொதல்ல நம்ம கடையத்தான் பூட்டுவாக. வாங்குனது நம்ம, வித்தது நம்ம. கோர்ட்டு கேசுன்னு அலையணும் ஆத்தா. நீ வெளிநாடு போகணும்னு காத்துக்கிட்டு இருக்க. சாட்சி சொல்ல அங்கன போயி நிக்கப்போறியா?"

"மத்த கடைகளுக்கும் இதே சரக்கு போயிருக்கும்ல."

அவர் பாட்டில்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். நானும் மறுபடி கேட்கவில்லை. மறுநாள் பதினெட்டு பாட்டிலும் ஏஜென்டிடம் போய்விட்டன.

விற்ற ஆறில் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. நான்கு தெரிந்தவர்கள் வாங்கியவை. வீடு வீடாகப் போய் அவற்றைத் திரும்ப வாங்கிவந்தேன். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. நீலச் சேலை கட்டிய ஒரு பெண், ஜீப் கிளம்பிவிடும் என்ற அவசரத்தில் வாங்கிக்கொண்டு ஓடியது நினைவிருந்தது. எந்தத் தோட்டம், என்ன பெயர், எதுவும் தெரியாது. மூன்று நாள் காலையில் ஜீப் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தேன். அவள் வரவில்லை. ஒன்றரை மாதத்தில் நான் விமானம் ஏறிவிட்டேன்.

4

சரவணன் படித்துவிட்டு வேண்டாம் என்றார்.

"சட்டப்படி செய்ய வேண்டியதச் செய்யலன்னு நீயே எழுதிக் குடுத்து, அந்தச் சட்டத்தப் படிக்க எடங் கேக்குறியா? அவுக என்ன நெனப்பாக?"

அவர் சொன்னதில் தப்பில்லை. மாலையில் மதுவிடம் கொடுத்தேன். கட்டுரையில் அவளும் இருந்தாள். அந்தச் சிரப்பைப் பற்றி அதுவரை நான் அவளிடம் சொன்னதே இல்லை. இந்தத் தடவை உட்கார்ந்து படித்தாள்.

"நான் குடிச்சேனா?"

"ரெண்டு வேள."

"எனக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"ஒண்ணும் ஆகல. நல்லாத் தூங்குன."

தாள்களை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை அவை சாப்பாட்டு மேசையில் இருந்தன. பக்கம் முழுக்கப் பென்சில். எனக்கு ஒரு டவுட் வந்தது என்று நான் எழுதிய இடங்களில் எல்லாம் கேள்வி என்று மாற்றியிருந்தாள். டவுட் என்றால் இங்கே ஆளையே நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார்களாம். கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரியைத் திருத்தாமல் அடிக்கோடு மட்டும் போட்டிருந்தாள். 'புகார் செய்யாமல் விட்டது என்னுடைய முடிவு அல்ல' என்ற வரி. பக்கத்தில் ஆங்கிலத்தில் சின்னதாகக் கேட்டிருந்தாள்: இது உண்மையா?

முதலில் கோபம்தான் வந்தது. வேலைக்குப் போகும் பேருந்தில் முழுக்க அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனேன். இறங்கும்போது பதில் தீர்ந்துவிட்டது. சுவரில் தொங்கியது என் பெயர். கம்பத்தில் பஸ் ஏறினால் தேனி என்ன அவ்வளவு தூரமா. நானே போய்ச் சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி என் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. கேஸ் என்று வந்தால் பயணம் தள்ளிப்போகும் என்று நானும்தான் பயந்தேன்.

'அது என்னுடைய முடிவும்தான்' என்று மாற்றி, விண்ணப்பத்தை அனுப்பினேன்.

"மாத்தினியா?" என்று மாலையில் மது கேட்டாள்.

"மாத்திட்டேன்."

அவள் மாடிக்குப் போகவில்லை. சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அந்த ஜீப் எங்கே போகும், ஏலக்காய்ச் செடி எவ்வளவு உயரம் இருக்கும், அந்த ஆன்ட்டிக்கு எத்தனை வயது இருக்கும் என்று கேட்டாள். நான் தமிழிலேயே சொன்னேன். தோசை ஆறியது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

5

அப்படி அனுப்பிய விண்ணப்பத்துக்குத்தான் பணிச்சான்று கேட்டு அந்த மின்னஞ்சல் வந்தது. அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொல்லாமலேயே சான்றை வாங்கிவிடலாம். கேட்டால் உடனே கொடுத்துவிடுவார். அது சரியாகப் படவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, கம்பத்தில் மதியச் சாப்பாடு முடிந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"யாரு, தமிழா? என்ன ஆத்தா, நல்லா இருக்கியா? அங்கன குளிரா?"

சர்க்கரை இருப்பதாகவும், கண் ஆபரேஷன் முடிந்துவிட்டதாகவும் சொன்னார். மருமகள் பியூலாவும் பி.பார்ம் என்பதால் கடையை அவள்தான் கவனிக்கிறாளாம். சான்று வேண்டும் என்றதும், "இதுக்கா இம்புட்டுத் தயங்குன? இன்னைக்கே தர்றேன்," என்றார்.

"அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி. படிப்புல சேர ஒரு கட்டுர கேட்டாக. அதுல சிரப்பு விசயத்த எழுதியிருக்கேன்."

அந்தப் பக்கம் ஜீப் ஹாரன் மட்டும் கேட்டது.

"உங்க பேரு போடல. கட பேரும் போடல. ஆனா உங்க சான்று போச்சுன்னா அவுகளுக்குத் தெரிஞ்சுரும். அதான் சொல்லாம வாங்கக் கூடாதுன்னு கூப்பிட்டேன். வேண்டாம்னா விட்டுருங்க, நான் வேற வழி பாத்துக்கிறேன்."

"என்னையத் திருடன்னு எழுதியிருக்கியா?"

"இல்ல அண்ணாச்சி. பயந்துட்டோம்னு எழுதியிருக்கேன். நீங்களும் நானும்."

"யோசிச்சுச் சொல்றேன்," என்று வைத்துவிட்டார்.

ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரமும் போனது. எனக்கு வேறு வழி எதுவும் இல்லை என்பதுதான் உண்மை. பதிவுச் சான்றின் நகல் போதுமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் பார்த்தேன். வருந்துகிறோம், கடிதம் அவசியம் என்று பதில் வந்தது. இந்த வருடம் போகட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் சரவணன். லேபிள் மேசையில் நான் ஒரே உறையை இரண்டு தடவை சரிபார்ப்பதைப் பார்த்து, போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வா என்று மோரா அனுப்பினாள்.

மின்னஞ்சல் வந்த பத்தொன்பதாவது நாள், சனிக்கிழமை ஓவர்டைமுக்கு நடுவில் கேன்டீனில் இருந்தபோது பியூலாவிடமிருந்து செய்தி வந்தது. 'அக்கா, மாமா புதுசா ஒரு மெயில் ஐடி தொறக்கச் சொன்னாக. லெட்டர் அனுப்பியாச்சு. மூணு தடவ எழுதிக் கிழிச்சாக. நான் டைப் மட்டும்தான் பண்ணேன்.' கீழே கடிதத்தின் நகல். கடை ஆரம்பித்த காலத்து ஆங்கிலத்தில் இருந்த அதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

'தமிழ்ச்செல்வி எங்களிடம் நான்கு வருடம் மருந்தாளராக இருந்தார். நேரத்துக்கு வருவார். நல்ல குணமுடையவர். ஒரு சிரப் சரக்கில் தேதி மாற்றி ஒட்டியிருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். ஆய்வாளரிடம் தெரிவிக்கச் சொன்னார். நான் மறுத்தேன். சரக்கை ஏஜென்டிடம் திருப்பிக் கொடுத்தேன். அது சரியான காரியம் அல்ல. அவர் உங்களுக்கு எழுதியிருப்பதை நான் படிக்கவில்லை. அவர் எழுதியிருந்தால் அது உண்மையாகவே இருக்கும்.'

அதன் கீழ் அவர் கையெழுத்து. பக்கத்தில் கடை முத்திரை.

கெட்ட செய்தியா என்று மோரா கேட்டாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டில் சரவணன் இரண்டு தடவை படித்தார். "பெரிய மனுசன்," என்றார். மது முதல் மூன்று வரியின் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரித்தாள். மூன்றாவது வரிக்கு மேல் சிரிக்கவில்லை.

"தேங்க்ஸ் சொன்னியா?"

"இன்னும் இல்ல. நாளைக்குச் சொல்லணும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் சர்ச்சுக்குப் போய்த் திரும்பியிருப்பார் என்று பார்த்து, ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் மது முந்திக்கொண்டாள்.

"வணக்கம் தாத்தா. நான் மதுமிதா. அந்தச் சிரப் குடிச்ச பாப்பா நான்தான்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நல்லா இருக்கியா கண்ணு?"

"நல்லா இருக்கேன் தாத்தா."

"எம்புட்டு ஒசரம் இருக்க இப்ப?"

"அஞ்சு அடி எட்டு. அம்மாவ விட ஒசரம்."

"கர்த்தருக்கு நன்றி," என்றார். பியூலாதான் போனை வாங்கி, மாமா அப்புறம் பேசுவாக என்றாள்.

6

நேர்காணல் வீடியோவில் நடந்தது. ஒரு பேராசிரியர், முன்பு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் இருந்த ஒரு பெண்மணி, இரண்டு பேர். பத்து வருடமாகக் கருவித் தொழிற்சாலையில் இருந்துவிட்டு ஏன் மருந்துப் பிரிவு என்று பேராசிரியர் கேட்டார். நீலச் சேலைக்காரப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அந்த ஒரு பாட்டில் எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரியாமல் போகாதபடி ஒரு வழி இருந்திருக்க வேண்டும், அதைப் படிக்க வேண்டும் என்றேன்.

அந்தப் பெண்மணி அண்ணாச்சியின் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார்.

"இவர் அன்றைக்கே புகார் செய்திருக்க வேண்டுமென்றால், எந்த விதியை மாற்றியிருக்க வேண்டும்?"

அப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. விதி ஏற்கெனவே இருக்கிறது என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு வேறு மாதிரி சொன்னேன். புகார் சொன்னவன் கடையைத்தான் முதலில் பூட்டுவார்கள் என்று அண்ணாச்சி நம்பினார். அது உண்மையா என்று எனக்கே தெரியாது. பூட்ட மாட்டோம் என்று யாரும் ஒருநாளும் எங்கள் கடைக்கு வந்து சொன்னதில்லை. ஒரு பக்கத்தில், தமிழில், அவருக்குப் புரிகிற மாதிரி ஒரு படிவம் இருந்திருக்கலாம். சொன்னவருக்கு ஒரு ரசீது கொடுத்திருக்கலாம். இதற்குச் சரியான விடை எது என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"முழு விடை யாரிடமும் இல்லை. அதனால்தான் இந்தப் படிப்பு இருக்கிறது," என்றார்.

எட்டு நாள் கழித்து இடம் கிடைத்தது. தொழிற்சாலையில் மருந்துப் பிரிவு என்றதும் மேலாளர் முகத்தைச் சுளிப்பார் என்று நினைத்தேன். லேபிள் எங்கே இருந்தாலும் லேபிள்தான் என்று சொல்லி வெள்ளிக்கிழமைகளைக் கொடுத்துவிட்டார். பாண்டிக்குத்தான் வருத்தம். இரண்டாவது வருடத்தில் உணவுப் பிரிவிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம், பூச்சிமருந்து எச்சத்தைப் பற்றியே எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னேன். வாங்கிவிட்டானாம். தோட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதை இரவல் கேட்கிறார்களாம்.

7

வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. வகுப்பில் நான்தான் மூத்தவள். நைஜீரியப் பெண் ஒருத்தி, பால் பண்ணைக் குடும்பத்திலிருந்து வந்த உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேர், ஹைதராபாத் பெண் ஒருத்தி. கட்டுரைகளை இப்போதும் மதுதான் திருத்துகிறாள். பதிலுக்கு அவளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். சண்டை வந்தால் இரண்டு பேரும் தமிழுக்கு மாறிவிடுகிறோம். அது எப்படி என்று தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை, வகுப்புக் கட்டடத்தின் வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி அழைத்தார்.

"ஒரு சமாச்சாரம் ஆத்தா. நீ காலேசுல சேந்த வாரம் சுகர் மாத்திர ஒரு பெட்டி வந்துச்சு. அட்டையில தேதி கோணலா, மங்கலா இருந்துச்சு. ஏஜென்டுக்குத் திருப்பிருவோமா மாமான்னு பியூலா கேட்டுச்சு. நான் வேண்டாம்னுட்டுத் தேனிக்குப் போன் போட்டேன்."

"டிரக் இன்ஸ்பெக்டருக்கா?"

"பின்ன யாருக்கு. மறுநாளே வந்தாக. சின்ன வயசுப் பொம்பள ஆபீசரு. சாம்பிள் எடுத்து, சீல் வச்சு, கொண்டு போனாக. இன்னைக்குத்தான் ரிசல்ட் வந்துச்சு."

"என்னன்னு?"

"மாத்திர நல்ல மாத்திரதானாம். அச்சடிக்கிற மிசின்லதான் கோளாறாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

"கடையப் பூட்டுனாகளா அண்ணாச்சி?"

"எங்கன பூட்டுனாக. டீ வாங்கிக் குடுத்தேன், வேண்டாம்னுட்டாக. ரசீதுல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாக. சொன்னதுக்கு நன்றிங்கய்யான்னு சொல்லிட்டுப் போயிட்டாக. மொத்தமே முக்கா மணி நேரம் ஆத்தா."

மாணவர்கள் என்னைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"முக்கா மணி நேரந்தான் ஆச்சு," என்று மறுபடியும் சொன்னார்.

வகுப்புக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனேன். கதவருகே இருந்த இருக்கையில் உட்கார்ந்து, பலகையில் என்ன பாடம் ஓடுகிறது என்று பார்ப்பதற்கு முன்னால் குறிப்பேட்டைத் திறந்து, முதல் வரியில் தமிழில் எழுதிக்கொண்டேன்: முக்கால் மணி நேரம்.